சுண்ணாம்புத் தகரம்

அந்த வருசம் கச்சான் காற்று ஆனி பிறக்கும் முன்னரே தொடங்கிவிட்டது. மேற்கே காட்டுப்பக்கமிருந்து வரும்போதே சூட்டைச் சுமந்துகொண்டு வரும் காற்று. தம்பலகாமத்து வயல்வெளியைத் தாண்டி, களப்புத் தண்ணீரின் மேலாக வந்து, ஆலங்கேணிக்கு அப்பாலிருந்த உவர்வெளியில் விழும். அந்த வெளியில்தான் இருபத்திரண்டு தகரக் கொட்டில்கள் இரண்டு நிரையாக நின்றன. வெருகல் பக்கமிருந்து சண்டைக்குத் தப்பி இடம்பெயர்ந்து வந்த சனங்களுக்காகக் கட்டியவை. சுவரும் தகரம், கூரையும் தகரம். முன்னர் அங்கே நின்ற வேம்பையும் பூவரசையும், சந்தியில் இராணுவம் சோதனைச் சாவடி போட்டபோது பார்வைக்கு மறைக்கிறதென்று தறித்துவிட்டார்கள். கூரைக்கு மேல் கிடுகு போட்டுக்கொள்ளலாம் என்றால் அதுவும் ஏலாது. மாசியில் அடுப்புப்பொறி பறந்து நாலு கொட்டில்கள் எரிந்த பிறகு, ஓலையென்று ஒரு துண்டும் மேலே ஏறக்கூடாது என்று நிவாரணக்காரர் சொல்லிவிட்டார்கள்.

பதினான்காம் கொட்டிலில் கதிராமன் படுத்துக்கிடந்தான். வயது நாற்பத்தொன்று. வலை இழுத்த தோள்கள் இன்னும் அகலமாகத்தான் இருந்தன. வெருகலாற்றைக் கடந்து ஓடிவந்த அன்று, சனம் நிறைந்த ஓடம் ஒன்று சரிந்தது. கரையில் நின்றவன் ஆழமென்று நினைத்துத் தலைகீழாகப் பாய்ந்தான். கீழே மணல்திட்டு. இரண்டு பேரை மற்றவர்கள் இழுத்தெடுத்தார்கள், மூன்றாவதாக இவனை இழுத்தெடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே உணர்ச்சியில்லை. கைகள் தோளிலிருந்து கொஞ்சம் அசையும், அவ்வளவுதான்.

ஆசுப்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்து அனுப்பும்போது டொக்டர் பாக்கியரத்தினம் அவன் மனைவி தங்கமுத்துவைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்.

"இவருக்கு இனிமேல் கழுத்துக்குக் கீழே வேர்க்காது, அம்மா. வேர்க்காத உடம்பு சூட்டை வெளியில விடாது. எங்களுக்கு வெக்கை எண்டால் வெறும் அந்தரம். இவருக்கு அது உயிர் போற காரியம். குளிர்ச்சியான இடத்தில வைச்சிருக்க வேணும்."

"நாங்கள் இருக்கிறது தகரக் கொட்டிலில, ஐயா."

"ஃபான் போட ஏலாதோ?"

"கறண்ட் இல்லை."

"அப்ப நனைச்ச துணி போடுங்கோ. ஆனால் நெடுக ஈரத்தில கிடந்தால் முதுகு புண்ணாப்போகும். அதையும் பாத்துக்கொள்ளுங்கோ."

இப்படித்தான் தங்கமுத்துவின் நாள்கள் போயின. விடிய எழும்பி அவனைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ரொட்டியும் சம்பலும் ஊட்டுவாள். பவுசர் லொறியில் வரும் தண்ணீரில் இரண்டு வாளி பிடித்து வைத்துவிட்டு, பக்கத்துக் கொட்டில் ராசமலரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள். கிண்ணியாக் கரையில் ஸைனுலாப்தீனுடைய சுண்ணாம்புச் சூளையில் வேலை. மட்டியும் ஊரியுமாகச் சிப்பி அள்ளிவந்து, தேங்காய்ப் பொச்சு ஒரு அடுக்கு, சிப்பி ஒரு அடுக்கு என்று அடுக்க வேண்டும். எரித்து ஆறிய சிப்பியில் தண்ணீர் தெளித்தால் அது சீறிக்கொண்டு உடைந்து மாவாகும். அதை அரித்து மூட்டை கட்ட வேண்டும். வாயையும் மூக்கையும் துணியால் சுற்றிக்கொண்டுதான் செய்வார்கள். அப்படியிருந்தும் மாலையில் தங்கமுத்துவின் கண் இமைகள் வெளுத்திருக்கும்.

ஆனியில் ஒரு நாள், நடுமத்தியானம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடக்கும்போது அவள் செருப்பின் வார் அறுந்தது. மணல் நெருப்பாய்க் கிடந்தது. மூட்டையைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த பழைய தகரத்தின் மேல் பாய்ந்து ஏறினாள். ஏறிய பிறகுதான் தகரம் மணலைவிடச் சுடுமே என்று நினைவு வந்தது. கால் சுடவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு வருசமாக அந்தத் தகரத்தில்தான் சுண்ணாம்பு குழைப்பார்கள். நகத்தின் கனத்துக்கு வெள்ளை படிந்து இறுகிப்போயிருந்தது. உள்ளங்கையை வைத்தாள். பிறகு குந்தியிருந்து கன்னத்தை வைத்தாள்.

ஸைனுலாப்தீன் கொட்டிலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, தலை சுத்துதா?"

"இல்லை நானா. இஞ்ச ஒருக்கா வந்து கையை வையுங்கோ."

"வேலை கிடக்குது, என்னத்தைக் கையை வைக்கிற?"

"ஒருக்கா வையுங்கோவன்."

அவர் வந்து வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"உச்சி வெயில் நேரே விழுது. ஏன் சுடேல்ல?" என்று கேட்டாள் தங்கமுத்து. "நிழலுக்குள்ள கிடக்கிற தகரம்கூட இதைவிடச் சுடுது. தொட்டுப் பாருங்கோ."

"சுண்ணாம்பு புடிச்சிரிக்குல்ல. பள்ளிவாசல் சுவருக்கு வெள்ளையடிச்சா உள்ளுக்குக் குளிருதுதானே, அது மாதிரி."

"அப்ப கொட்டில் கூரைக்கு அடிச்சால்?"

ஸைனுலாப்தீன் சிரிக்கவில்லை. கதிராமனைப் பற்றி அவருக்குத் தெரியும். "தகரத்துல நிக்காது புள்ள. மூணு நாள்ல உரிஞ்சி உழுந்திரும். ஆனா உனக்கு வேணும்டா அள்ளிட்டுப் போ. கேக்கத் தேவையில்ல."

அவர் சொன்னது சரி. வெறும் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசினாள். மூன்றாம் நாள் கச்சான் காற்று அதைத் தகடு தகடாக உரித்தெடுத்து ராசமலரின் சோற்றுப் பானைக்குள் போட்டது.

"என்ன தங்கமுத்து, எங்களுக்கும் சேத்தோ வெள்ளையடிக்கிறாய்?" என்றாள் ராசமலர்.

அடுத்து அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பூசினாள். ஒரு கிழமை நின்றது. பிறகு எறும்பு தின்றது, மிச்சம் கொட்டுண்டது. ஆனால் இரண்டு தரம் உரிந்த இடத்தில் தகரம் பழைய மினுக்கம் போய், தடவினால் சொரசொரவென்று இருந்தது. இனிப் பூசினால் பிடிக்கும் என்று அவளுக்குப் பட்டது. எதில் குழைப்பதென்றுதான் தெரியவில்லை.

ஆடி முதற்கிழமை கதிராமனுக்குச் சூடு ஏறியது. தங்கமுத்து சூளையிலிருந்து ஓடிவரும்போது குடும்பநல மாது பூரணி கட்டிலருகே நின்றாள். சுற்றுக்கு வந்த இடத்தில் ராசமலர் கூப்பிட்டிருக்கிறாள்.

"நூற்றி நாலு," என்றாள் பூரணி. "ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

"நேற்றுத் தொடக்கம் பட்டணத்துக்குப் பாதைப்படகு ஓடேல்ல. துறையை மூடிப்போட்டாங்கள்," என்றாள் ராசமலர்.

இரண்டு வாளித் தண்ணீரும் முடிந்தது. ராசமலர் தன் வாளியைக் கொண்டுவந்தாள். மூன்று பெண்களும் மாறி மாறித் துணி நனைத்துப் போட்டு, பாய்த்துண்டால் விசிறினார்கள். கதிராமன் ஏதேதோ பிதற்றினான். வலையைத் தூக்கச் சொன்னான், ஓடத்தில் இன்னும் ஆள் கிடக்கென்றான். வெயில் சாய்ந்த பிறகுதான் சூடு இறங்கியது. தெளிந்ததும் மனைவியைப் பார்த்தான்.

"தங்கம், இனிக் கூரையில ஏறாதை."

"ஏனப்பா?"

"நீயும் விழுந்தால் ரெண்டு பேரையும் ஆர் புரட்டிப் போடுறது?"

"நான் விழமாட்டன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சுப் பாய்ஞ்சனான்."

அவள் துணியைப் பிழிந்து உதறினாள். பூரணி வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள்: "அக்கா, இன்னும் ஒருக்கா இப்பிடி ஏறினால் மூளையைத் தாக்கும். ஆவணி முடியுமட்டும் இதே வெயில்தான். ஏதும் செய்யத்தான் வேணும்."

துறை மூடிக்கிடந்ததில் இன்னொருவருக்கும் நட்டம். எருமைத் தயிர் வியாபாரி ஹிஸ்புல்லா, பட்டணத்துக்கு ஏற்ற வைத்திருந்த சட்டிகள் நாற்பதும் புளித்து நாறிப்போக, சூளைக்குப் பின்னால் கழிவுச் சுண்ணாம்பு கொட்டுகிற இடத்தில் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் அந்த இடத்தைத் துப்புரவாக்கத் தங்கமுத்து மண்வெட்டியோடு போனாள். மண்வெட்டி கீறிக்கொண்டு வழுக்கியது. ஓங்கிக் கொத்தினாள். கல் மாதிரி ஒரு துண்டு பெயர்ந்தது. மணந்து பார்த்தாள். சுண்ணாம்போடு இறுகிய தயிர்.

அன்றே ஹிஸ்புல்லாவிடம் போய் ஒரு சட்டி புளித்த தயிர் கேட்டாள். துணியில் கட்டித் தூக்கி நீரை வடியவிட்டு, கட்டியைச் சுண்ணாம்போடு பிசைந்தாள். கொஞ்ச நேரத்தில் அது பசை மாதிரி இழுபட்டது. எரிக்காத சிப்பியை உரலில் இடித்து, சீலைத்துணியில் சலித்து, அந்த மாவையும் அதில் சேர்த்தாள். சேர்த்தால் வெள்ளை கனமாக நிற்கும் என்று அவள் கணக்கு.

கூரையில் பூச முன்னர் துண்டுத் தகரங்களில் பூசி வெயிலில் வைத்தாள். எது கூடக் குளிர்கிறது என்று பார்க்க அவளுடைய கை சரிவரவில்லை. சுண்ணாம்பில் வெந்து காய்த்துப்போன கை. கதிராமன்தான் சொன்னான்.

"இஞ்ச கொண்டா. எனக்கு முகத்திலதானே எல்லா உணர்ச்சியும் கிடக்கு. கன்னத்தில வை."

நடுவெயிலில் இருந்து ஒவ்வொரு துண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவன் கன்னத்தில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

"இது காணாது. மற்றதை வை... இது பறவாயில்லை. இதில எத்தினை பூச்சு?"

"ரெண்டு."

"நாலாக்கிப் பார். சிப்பிமாவையும் கூட்டு. இதில முந்தினதைவிடக் கூடப் போட்டனியோ?"

"ஓம், ஒரு சுண்டு கூட."

"அதுதான் குளிர்ந்தது. அதையே பிடி."

ஐந்து நாள் இப்படி நடந்தது. படுக்கையில் விழுந்து எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் மத்தியானத்தை எதிர்பார்த்துக்கொண்டு கிடந்தான். கூரையில் ஏறாதை என்று பிறகு அவன் சொல்லவில்லை. "ஏணியின்ர அடியில ராசமலரைப் பிடிக்கச் சொல்லு," என்று மட்டும் சொன்னான்.

பொச்சைத் தட்டித் தும்பாக்கிக் கட்டிய தூரிகையோடு, வெயில் ஏறமுதல் தங்கமுத்து கூரைக்குப் போவாள். தகரத்தை நனைத்து, ஒரு பூச்சு இழுத்துவிட்டு இறங்குவாள். புளித்த மணத்துக்குக் காகங்கள் வந்து கொத்திப் பார்த்தன. நாலு நாளில் நாலு பூச்சு. ஐந்தாம் நாள் உச்சிப்பொழுதில் உள்ளே வந்து, கதிரையில் ஏறி நின்று, கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டாள். வழக்கமாக அந்த நேரம் அங்கே கை வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். இப்போது கை அப்படியே கிடந்தது.

பூரணி வந்து சூடு பார்த்தாள். "தொண்ணூற்றொன்பது," என்றாள். நம்பாமல் உதறிவிட்டு இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். அதே தொண்ணூற்றொன்பது.

"பழஞ்சோறு கிடக்கோ?" என்று கேட்டான் கதிராமன். "பசிக்குது."

தங்கமுத்து குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோற்றில் தயிரும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து கொண்டுவந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். முழுச் சட்டியையும் அவன் தின்று முடித்தான்.

இப்படி இரண்டு கிழமை போனது. பிறகு ராசமலர் வந்து வாசலில் நின்றாள்.

"குறை நினைக்காதை தங்கமுத்து. சனம் கதைக்குது."

"என்னவாம்?"

"மேல ஹெலி போகேக்க இந்த நிரையில உன்ர கூரை மட்டும்தான் பளிச்செண்டு தெரியுமாம். என்ன அடையாளமோ எண்டு யோசிச்சு அவங்கள் ஏதும் செய்தால் எங்கட தலையிலயும்தானே விழும். எனக்கும் பயமாத்தான் கிடக்கு."

"நீ உள்ளுக்கு வந்து இருந்து பாத்தனிதானே, ராசமலர்."

"பாத்தனான். அதுதான் சொல்ல மனமில்லாமல் நிக்கிறன்."

அடுத்த நாள் சாவடியிலிருந்து அதிகாரி வந்தார். இளம் ஆள், கூட இரண்டு பேர். தமிழ் தெரியாததால், சிங்களம் தெரிந்த ஸைனுலாப்தீனைச் சூளையிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். சனம் அவரவர் வாசலில் நின்றது. ஒருவரும் கிட்ட வரவில்லை.

"ஒண்டு மட்டும் ஏன் வெள்ளை, யாருக்குக் காட்டவெண்டு கேக்கிறார்," என்றார் ஸைனுலாப்தீன். "ரெண்டு நாளுக்குள்ள சுரண்டச் சொல்றார்."

தங்கமுத்து வாசலை விட்டு விலகி நின்றாள். "உள்ளுக்கு வந்து இருக்கச் சொல்லுங்கோ, நானா. பத்து நிமிசம்."

அதிகாரி தயங்கினார், பிறகு குனிந்து உள்ளே வந்தார். கதிராமனின் கட்டிலுக்கருகே கதிரையில் இருந்தார். வெளியே கச்சான் தகரங்களை அறைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். எழுந்து, கூரை சரியும் ஓரத்தில் கையை உயர்த்தித் தொட்டார். கதிராமனுடைய அசையாத கால்களைப் பார்த்தார். பக்கத்தில் போய் ராசமலரின் கொட்டிலுக்குள் தலையை நீட்டினார், உடனே வெளியே எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஸைனுலாப்தீனிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அவருக்கு விளங்குதாம். ஆனா இருபத்திரண்டுல ஒண்டு மட்டும் வெள்ளையா நிண்டா மேலே கேள்வி வருமாம். அவர் பதில் சொல்லணுமாம்."

தங்கமுத்து நிரையைப் பார்த்தாள். "அப்ப இருபத்திரண்டும் வெள்ளையெண்டால்?"

ஸைனுலாப்தீன் அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இதெச் சொல்லட்டா?"

"சொல்லுங்கோ நானா. எல்லாம் ஒரே மாதிரி நிண்டால் அது அடையாளமில்லைத்தானே."

அவர் சொன்னார். அதிகாரி நிரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்.

"பத்து நாள்."

"பத்து நாள் தாறாராம். ஒரு கூரை குறைஞ்சாலும் உன்டையையும் சுரண்டணுமாம்."

அதிகாரி போன பிறகுதான் தங்கமுத்து நிலத்தில் குந்தினாள். இருபத்தொரு கூரை, கூரைக்கு நாலு பூச்சு. அவள் ஒருத்தி. கட்டிலிலிருந்து கதிராமன் கூப்பிட்டான்.

"சனத்தைக் கூப்பிடு. நான் கதைக்கிறன்."

வாசலில் வந்து நின்ற சனத்துக்கு அவன் படுத்தபடியே சொன்னான். "வெயிலில நீங்கள் வெளியில போய் நிக்கலாம். எனக்கு ஏலாது. உங்கட குழந்தையளுக்கும் ஏலாது. இந்தக் கூரையை உங்களுக்கும் போட்டுத் தாறன் எண்டு என்ர மனிசி பத்து நாள் கேட்டு வாங்கியிருக்கிறா. கை குடுங்கோ."

முதலில் அசைந்தது ராசமலர்தான். "சிப்பி அள்ள நான் போறன்," என்றாள்.

விடியற்காலைகளில் பெண்கள் முழங்காலளவு களப்பில் இறங்கிச் சிப்பி அள்ளினார்கள். ஆறு உரல்கள் ஒரே தாளத்தில் இடித்தன. சூளையில் ஸைனுலாப்தீன் இரண்டு தரம் நெருப்பு வைத்தார். தயிருக்குத்தான் இடைஞ்சல் வந்தது. துறை திறந்து படகு ஓடியதால் ஹிஸ்புல்லாவின் தயிர் புளிக்க முதலே பட்டணம் போனது.

"நல்ல தயிரைக் கூரையில பூசக் குடுக்கவா?" என்று அவர் கேட்டார்.

"ஒருக்கா எங்கட கொட்டிலுக்குள்ள வந்து இருங்கோ," என்றாள் தங்கமுத்து. யாரிடமும் அவளுக்கு வேறு நியாயம் இருக்கவில்லை. அவர் வந்து இருந்தார். போகும்போது, "என்ட பட்டிக்கும் தகரக் கூரைதான். பால் மாடு வெக்கையில மூச்சு வாங்குது. அதுக்கும் பூசித் தரணும்," என்றார். மறுநாள் முப்பது சட்டி வந்தது.

ஒவ்வொரு குழையலிலும் முதல் துண்டைக் கதிராமனின் கன்னத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவன் சரியென்றால்தான் கூரைக்கு ஏறும். இரண்டு தரம் திருப்பி அனுப்பினான். ஒரு தரம் ராசமலர் குழைத்தது. "சிப்பி பருக்கனாக் கிடக்கு, இன்னொருக்கா சலி," என்றான். அவள் முணுமுணுத்துக்கொண்டு போய்ச் சலித்தாள்.

பத்தாம் நாள் காலை கடைசிக் கூரைக்குக் கடைசிப் பூச்சு இழுத்துவிட்டுத் தங்கமுத்து மேலேயே நின்றாள். இரண்டு நிரையும் கண்ணைக் கூச வைத்தன. கீழே வாசல்களில் சனம் அண்ணாந்து நின்றது. சந்தியில் அதிகாரி வாகனத்திலிருந்து இறங்கி எண்ணிப் பார்த்தார். பிறகு ஏறிப் போய்விட்டார். அன்று மத்தியானம் நெடுநாளைக்குப் பிறகு கொட்டில்களுக்குள் சனம் படுத்து உறங்கியது.

ஆவணியில் நிவாரண நிறுவனம் ஒன்றிலிருந்து பொறியியலாளர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். உச்சிவெயிலில் கூரையின் மேலும் கீழும் வெப்பமானி வைத்து மூன்று நாள் அளந்தார். கடைசி நாள் பதினான்காம் கொட்டிலுக்கு வந்து கட்டிலருகே இருந்தார். தங்கமுத்து தேத்தண்ணி கொடுத்தாள்.

"வெளியில நிழலில முப்பத்தாறு பாகை," என்றார் அவர். "உங்கட தகரம் வெயிலுக்குள்ள கிடந்துகொண்டு முப்பத்தஞ்சு. காற்றைவிடக் குளிர்ச்சி. நான் மூண்டு தரம் பாத்தனான்."

"அது எப்பிடி ஐயா?" என்று தங்கமுத்து கேட்டாள்.

"வெயில்ல வாற வெளிச்சத்தை இந்தப் பூச்சு அப்பிடியே திருப்பி அனுப்புது. தன்னில கிடக்கிற சூட்டையும் கண்ணுக்குத் தெரியாமல் வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்குது. வாறதைவிடப் போறது கூட. அதுதான் குளிருது. வெளிநாட்டில இதைப்பற்றிப் படிக்கிற ஆக்கள் இருக்கினம்." அவர் புத்தகத்தைத் திறந்தார். "மற்ற முகாமுகளுக்கும் இதை எழுதி அனுப்பப்போறன். என்ன என்ன எவ்வளவு போட்டனீங்கள்?"

தங்கமுத்து சொன்னாள். அவர் எழுதினார்.

"ஆர் உங்களுக்குச் சொல்லித்தந்தது?"

அவள் வாயெடுக்க முதல் கதிராமன் சொன்னான். "ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்ல. இவதான் கண்டுபிடிச்சவ. அதையும் எழுதுங்கோ."

"விடுங்கோவன் அப்பா," என்றாள் தங்கமுத்து.

"நீ பேசாமல் இரு. எழுதினீங்களோ, ஐயா?"

"எழுதிப்போட்டன்."

"காட்டுங்கோ."

பொறியியலாளர் எழுந்து புத்தகத்தை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"இது இங்கிலீசு. எனக்கு விளங்காது. தமிழில எழுதுங்கோ."

அவர் சிரிக்காமல் பேனாவை எடுத்துத் தமிழில் எழுதி, மறுபடி பிடித்தார். கதிராமன் எழுத்துக் கூட்டி வாசித்தான். கதிராமன் தங்கமுத்து என்று கிடந்தது.

"என்ர பேர் ஏன் முன்னுக்கு நிக்குது?"

"வழக்கமாகப் புருசன்ர பேரை முன்னுக்குப் போட்டுத்தானே எழுதுறது."

"நான் கட்டிலில கிடந்து கன்னத்தைக் காட்டினனான், அவ்வளவுதான். சூளையில நிண்டதும் கூரையில நிண்டதும் அவ. அவவின்ர பேர் மட்டும் காணும்."

பொறியியலாளர் முதல் பெயரை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் புத்தகத்தை மூன்றாம் முறை பிடித்தார். கதிராமன் நேரமெடுத்து வாசித்தான்.

"இப்ப சரி," என்றான்.